தமிழில் எழுதிவைத்த கதவு எண்கள்

ஒப்பிடத் தந்த இரண்டு கணினி இயங்குதளங்களில் முதலாவதை, வைஃபையை நிறுத்திவிட்டுத்தான் திறந்து பார்த்தேன். விற்க வந்தவர் அதிகம் சிரித்தார். சந்தேகப்பட அதுவே எனக்குப் போதும்.

ஒஸ்லோவில், முதியவர்களை வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் ஒரு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகத் தந்த வேலை, பராமரிப்பாளர்களின் மடிக்கணினிகளுக்கு இரண்டு கம்பனிகளின் புதிய இயங்குதளங்களில் எது பொருத்தம் என்று ஒப்பிட்டு ரிப்போர்ட் எழுதுவது.

முதலாவது, திரையில் வருவதையெல்லாம் படம் எடுத்து நினைவில் வைக்கும். எந்த மொழியில் இருந்தாலும் தேடித் தரும். பாஸ்வேர்ட், அடையாள எண் எல்லாவற்றையும் தானாகவே மறைத்துவிடும் என்றார்கள். இரண்டாவதில் அந்த நினைவு வசதி இல்லை, மற்றவை ஏறக்குறைய ஒன்றுதான். சென்னையிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்த கார்த்திக் முதலாவதையே புகழ்ந்துகொண்டிருந்தான். யாராவது இவனுக்கு மத்தியானச் சாப்பாடு வாங்கிக் கொடுத்திருப்பார்களோ என்றுகூட நினைத்தேன்.

பரீட்சார்த்தமாக ஐந்து பராமரிப்பாளர்களுக்கு முதலாவதைக் கொடுத்தோம். ஒரு கிழமை கழித்து, ஒஸ்லோவின் ஹவுகெட்டோ பக்கம் முதியவர்களைப் பார்க்கப்போகும் செல்வராணியின் கணினியில் கார்த்திக், அது எதையெல்லாம் மறைக்கிறது என்று சோதிக்க, "திறப்பு", அதாவது சாவி, என்பதை நொர்வேஜிய மொழியில் தேடினான்.

"சார், இதைப் பாருங்க."

தமிழில் ஒரு குறிப்பு, கீழே இயங்குதளமே செய்த அதன் நொர்வேஜிய மொழிபெயர்ப்பு. பதினொரு முதியவர்களின் பெயர்கள், அவர்கள் வீட்டுச் சாவியை வைத்துப் பூட்டி வாசலில் மாட்டியிருக்கும் திறப்புப் பெட்டிகளின் இரகசிய எண்கள். ஒன்றுகூட மறைக்கப்படவில்லை. அந்த எண்களை எழுதிவைத்தால் வேலை போகும் என்பது விதி.

செல்வராணியைக் கூப்பிட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"தமிழிலதானே எழுதினனான் அண்ணை. இஞ்சை ஆருக்கு விளங்கும்?"

"உமக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள்தான் சொன்னனீங்கள்."

உண்மைதான். எண்கள் மறந்துபோகின்றன என்று அவர் அழுத ஒரு நாள், "தமிழில எழுதி வையும், அது பூட்டுப் போட்ட மாதிரி" என்று சொன்னவன் நான். என் பாஸ்வேர்ட்டுகளும் அப்படித்தான் கிடந்தன. வெட்கமாக இருந்தது.

ஒரு பட்டனை அழுத்தினால் அந்தக் கிழமையின் படங்கள் எல்லாம் அழிந்துவிடும். கார்த்திக் மேலதிகாரியிடம் ஓடுவான் என்று அவன் முகத்தையே பார்த்தேன். அவன் மெதுவாக, "என்ன எழுதணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க சார்" என்றான்.

பட்டனை அழுத்தவில்லை. பதினொரு எண்களையும் அன்றே மாற்றச் செய்தேன். ரிப்போர்ட்டில் அந்த நினைவு வசதி வேண்டாம் என்றும், தமிழில் எழுதிவைக்கும் யோசனை என்னுடையது என்றும் எழுதினேன். செல்வராணிக்கு வேலை தப்பியது. எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. மேலதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று: இதை இன்னும் எத்தனை பேருக்குச் சொன்னாய்? எனக்குத் தெரியவில்லை.

கம்பனிக்காரனைச் சந்தேகித்தேன், கார்த்திக்கைச் சந்தேகித்தேன். நான் கொடுத்த யோசனையை மட்டும் ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் உங்கள் சொந்த யோசனையைச் சோதிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

மேலதிகாரி அப்படிக் கேட்ட அன்று பின்னேரமே தமிழ் ஊழியர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தேன். முதலில் எடுத்தவர் ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் இருப்பவர். நான் கேட்டு முடிக்கவில்லை.

"ஓம் அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரியே எல்லாம் தமிழில எழுதி வைச்சிருக்கிறன்," என்றார் சந்தோஷமாக. "புதுசா வந்த ஆக்களுக்கும் சொல்லிக் குடுத்திட்டன்."