தேக்சாவை வெட்டி அடித்த கிளிப்புகள்

கரீமுல்லாவுக்குக் காது மந்தம். பிறவியில் வந்ததல்ல. அரக்கோணத்தில் ஒரு பாய்லர் பட்டறையில் இளமை முழுக்க ரிவெட் அடித்ததில் போனது. கடைசியில் அந்தப் பட்டறை முதலாளியே, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத ஆளை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டான். காதைத் தின்றவனே காது இல்லை என்று குறை சொன்னான் பாருங்கள், அதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! அதற்குப் பிறகு மனைவி மதீனா பீவியோடு திருத்தணிக்கு வந்து, நெசவுக்காரர்கள் தெருக்கோடியில் ஒண்டுக் குடித்தனமாக ஓர் அறையில் இருந்துகொண்டு, ஸ்டவ் ரிப்பேர், குழாய் வேலை, பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்று கிடைத்ததைச் செய்துவந்தார். இன்றைக்கு வேலை உண்டா என்று விடியும்போதே யோசிக்க வேண்டாத ஒரு நிரந்தர வேலை, போ என்று யாரும் சொல்லாத ஒரு கூரை. இது இரண்டைத் தவிர அந்த மனுஷன் அல்லாவிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து நாலாம் வருஷம், அது இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கிற மாதிரி இருந்தது. மலையடிவாரத்தில் பட்டணத்துத் துணி வியாபாரி ஒருவர் கட்டிவைத்த சத்திரம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற வயதானவர்கள் குளிக்கவும் சமையற்கட்டுக்கும் வெந்நீர் வேண்டுமென்று, யுத்தத்துக்கு முன்னால் தன் பங்களாவுக்காக வாங்கிப் போட்டிருந்த பாய்லரையும் செம்புக் குழாய்களையும் அவர் ரயிலில் அனுப்பியிருந்தார். சத்திரத்து மேனேஜர் பஞ்சாட்சரம் கரீமுல்லாவைக் கூப்பிட்டு விட்டார். ஒழுகாமல் குழாய் போட்டுக் கொடுத்தால் பாய்லர் பார்க்கிற வேலை உனக்குத்தான், கேட்டுக்குப் பக்கத்து அறையில் குடும்பத்தோடு இருந்துகொள்ளலாம் என்றார். வாய் வார்த்தைதான். ஆனால் பஞ்சாட்சரம் சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரில் பெயர்.

குழாய் வந்ததே ஒழிய, அதைச் சுவரில் பிடித்து நிறுத்துகிற கிளிப்பு ஒன்றுகூட வரவில்லை. யுத்த காலத்தில் கடையில் செம்பும் கிடையாது, பித்தளையும் கிடையாது. பீப்பாய்க்குச் சுற்றுகிற இரும்புப் பட்டைதான் இருந்தது. சுவரில் கட்டை இறக்க வந்திருந்த தச்சர் ஜம்புலிங்கம், அதையே வளைத்து அடித்துவிட்டுப் போகலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். கரீமுல்லா ஒத்துக்கொள்ளவில்லை. குளிக்கிற இடம், எந்நேரமும் ஈரம். ஈரத்தில் செம்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருந்தால் இரும்பு சீக்கிரம் துருவேறி அற்றுப்போகும். அது அறுந்து வெந்நீரோடு குழாய் யார் தலையிலாவது விழுந்தால் கேட்டுக்குப் பக்கத்து அறை என்னவாகும் என்பதுதான் அவருக்குக் கவலை. அந்த வேலையை அவர் வாழ்நாள் முழுவதும் பார்க்கப் போகிறாரே!

வீட்டில் செம்பு இருந்தது. மதீனா பீவியின் தேக்சா. அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய பிரியாணிப் பாத்திரம், அடித்தகடு நல்ல கனம். அந்த வட்டாரத்தில் எந்த முஸ்லிம் வீட்டில் நிக்காஹ் என்றாலும் அதைத்தான் வந்து வாங்கிப் போவார்கள். பிள்ளை குட்டி இல்லாதவள், இருப்பதோ ஒற்றை அறை. இருந்தும் நாலு பெண்கள் கூடுகிற இடத்தில் அவளுக்கு விரித்த பாயின் நடுவில் இடம் கிடைத்தது என்றால் அந்தத் தேக்சாவால்தான். தேக்சா போகிற வீட்டுக்கு முதல் அழைப்பும் அவளுக்குத்தான். கரீமுல்லாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆகையால் வாய் திறக்காமல், சாப்பிடும்போதெல்லாம் மூலையில் கவிழ்ந்திருந்த அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதீனா பீவி கண்டுகொண்டாள். "அந்த வேலை நெசமா கெடைக்குமாங்க?" என்று அவர் காதருகே வந்து கேட்டாள்.

"வாக்கு குடுத்துகிறாரு."

மதீனா பீவி தேக்சாவைத் தானே எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, அவர் முன்னால் வைத்துவிட்டு பக்கத்துத் தெரு சிநேகிதி ரம்ஜான் பீ வீட்டுக்குப் போய்விட்டாள். வெட்டுகிற சத்தத்தைக் கேட்க அவளால் முடியாது என்று கரீமுல்லாவுக்குப் புரிந்தது. வெட்டும்போது அவருக்குக் கண் கலங்கியது. காது கேளாத தனக்கே அந்தச் சத்தம் கேட்டது என்று பிற்பாடு ஜம்புலிங்கத்திடம் சொன்னார்.

வெட்டிய பிறகு மனுஷன் வேலையை வேலையாகச் செய்தார். உள்பக்கத்து ஈயத்தை நெருப்பில் காட்டி வழித்து எடுத்தார். பட்டைகளைக் குழாய்த் துண்டின் மேலேயே வைத்து மரச் சுத்தியால் தட்டி வளைத்தார், ஓரமெல்லாம் அரம் போட்டார். ஜம்புலிங்கம் இறக்கிய தேக்குக் கட்டைகளில், சுவருக்கும் குழாய்க்கும் நடுவே விரல் நுழைகிற மாதிரி விட்டுப் பொருத்தினார். கிடையாகப் போகிற குழாய்க்கு நெருக்கமாக, நேராக ஏறுகிற குழாய்க்கு விலக்கி. சூடேறினால் செம்பு நீளும், எல்லாக் கிளிப்பையும் இறுக்கினால் மூலையில் பற்றவைத்த இடம் விட்டுப்போகும். ஆகையால் ஒன்றை மட்டும் இறுக்கி, மற்றவற்றைக் குழாய் நழுவுகிற அளவுக்குத் தளர விட்டார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, இது என் வீடு என்கிற நினைப்பே வந்துவிட்டது அவருக்கு.

கிருத்திகைக்கு முன்பே ஒரு நாள் பாய்லரை மூட்டிப் பார்த்தார்கள். சொட்டு ஒழுகவில்லை. வெந்நீர் சமையற்கட்டு வரைக்கும் போய் விழுந்தது. முன்கூட்டியே வந்து தங்கியிருந்த யாத்திரைக்காரர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பஞ்சாட்சரத்துக்கு வாயெல்லாம் பல். கிளிப்பைத் தடவிப் பார்த்து, இந்தக் காலத்தில் இவ்வளவு நல்ல செம்பு எங்கே பிடித்தாய் பாய் என்று கேட்டார்.

ஏதோ ஒரு பழைய இரும்புக் கடையில் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. பெண்டாட்டி செய்த காரியத்தை நாலு பேர் அறியட்டுமே என்கிற பெருமை. காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில், முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி, அது மதீனா பீவியின் பிரியாணித் தேக்சா, எத்தனையோ கல்யாணத்துக்குச் சோறு ஆக்கினது, முருகன் சத்திரத்துக்கு என்றதும் தானே எடுத்துக் கொடுத்தாள் என்று சொன்னார்.

சமையல்காரர் ராஜகோபால் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஆட்டுக்கறி வெந்த பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வருகிற தண்ணீரில், கிருத்திகை விரதக்காரர்களுக்கு நான் உலை வைக்க மாட்டேன் என்றார். யாத்திரைக்காரர்களில் இரண்டொருவர் அதுதானே என்றார்கள். கிளிப்பு வெளியே இருக்கிறது, தண்ணீர் உள்ளே போகிறது, ஒன்றையொன்று தொடக்கூட இல்லை என்று ஜம்புலிங்கம் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? பஞ்சாட்சரம் கெட்டவரில்லை. பட்டணத்து முதலாளியின் காதுக்குப் போய்விடுமே என்ற பயம்தான். கரீமுல்லாவைக் கிட்டே அழைத்துக் காதருகே தன்மையாகத்தான் பேசினார்.

"வேலைக்கு ஒண்ணும் இல்ல பாய், அது ஒனக்குத்தான். கிளிப்பை மட்டும் இரும்புல மாத்திடு."

ஜம்புலிங்கம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு வுடு பாய். வாய மூடிக்கினு மாத்திடலாம்."

கரீமுல்லாவால் முடியவில்லை. புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டுப் போனவள் நினைவுக்கு வந்துவிட்டாள். அவளுடைய பாத்திரத்தை அசுத்தம் என்று கூட்டத்தில் வைத்துச் சொன்னார்களே! இரண்டு கையையும் நீட்டிக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"இந்தக் கொழாயெல்லாம் வளைச்சது இந்தக் கைங்க. பத்த வெச்சது இந்தக் கைங்க. இந்தக் கையாலதான் நான் பிரியாணி துண்றேன். கை ஆவும், கிளிப்பு ஆவாதாங்க?"

நியாயமான கேள்வி. அந்த இடத்தில் கேட்டிருக்கக் கூடாத கேள்வி. முற்றத்தில் எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். அதுவரைக்கும் அந்தக் கையைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. ராஜகோபால் பஞ்சாட்சரத்தின் முகத்தைப் பார்த்தார்.

"நீ சொல்றதும் சரிதான் பாய்," என்றார் பஞ்சாட்சரம்.

அவ்வளவுதான், கையும் ஆகாது என்று ஆகிவிட்டது. பாய்லருக்குப் பள்ளிப்பட்டிலிருந்து வேறொரு ஆளை வரவழைப்பது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. குழாயை என்ன செய்வது என்றும் பேச்சு வந்தது. அதைப் பிடுங்கினால் முதலாளிக்கு நஷ்டம். ஆகையால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கற்பூரம் காட்டினால் போதும் என்று ராஜகோபாலே வழி சொன்னார். அந்தக் கற்பூரத்தைக் கிளிப்புக்கும் சேர்த்துக் காட்டியிருக்கலாமே என்று ஜம்புலிங்கம் முணுமுணுத்தார். கிளிப்பைப் பிடுங்கினால் நஷ்டம் மதீனா பீவிக்குத்தானே, யாருக்கு என்ன? பிடுங்குகிற வேலையையும் கரீமுல்லாவே செய்தார். தெரியாத ஆள் கை வைத்தால் குழாய் நசுங்கிவிடும் என்று அவருக்குப் பொறுக்கவில்லை. தன் கையாலேயே இரும்புப் பட்டைகளை மாட்டிவிட்டு, செம்பையெல்லாம் கோணியில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மதீனா பீவி கோணியைப் பார்த்தாள். மீந்துபோனதா என்று கேட்டாள். அவர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கிளிப்பை மாற்றினால் போதும், வேலை உனக்குத்தான் என்று பஞ்சாட்சரம் சொன்னதையும் மறைக்கவில்லை. உன் தேக்சாவை அப்படிச் சொன்னதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, அதற்காகத்தான் பேசினேன் என்றார். அவள் சந்தோஷப்படுவாள் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தார், பாவம்.

அவள் அழவில்லை. கோணியைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"தேக்சாவை நான் குடுத்ததே அந்த வேலைக்குத்தாங்க," என்றாள். "நீங்க அந்த வேலையைக் கொண்டுபோயி தேக்சாவுக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க."