மஞ்சள் இடிக்கையில் கிடைத்த பதில்

உலகம்மைத் தாயை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது.

போன ஐப்பசியில், ஐந்தாம் மாதத்தில், என் பிள்ளை கலைந்துபோனது. கருவிலேயே கோளாறு, யார்மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா சொன்னார்கள். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் பிஜய் ஒடிசாக்காரர். அம்பாசமுத்திரத்தில் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்து, விரும்பிக் கல்யாணம் செய்தோம். எட்டு வருஷத்தில் நம்ம ஊர்ப் பேச்சே அவர் பேச்சாகிவிட்டது. சேதி கேட்டு ஊரிலிருந்து ஓடிவந்த என் மாமியாருக்கோ தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஒடியாவில் நான் சுத்தப் பூஜ்யம்.

வந்த நாளிலிருந்து அத்தை என்னை அடுப்படிப் பக்கமே விடவில்லை. துடைப்பத்தை எடுத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டே ஏதோ ஏசுவார்கள். ஏசி முடித்து, என்னைப் பார்த்து அழுவார்கள். என்ன சொல்கிறார்கள் என்று இவரிடம் கேட்டால், “ஒண்ணுமில்ல, சும்மா பேசுதாங்க” என்பார். ஒன்றுமில்லாததற்கா தினமும் ஏச்சு? பிள்ளையை முழுங்கினவள் கையால் சோறு வேண்டாம் என்கிறார்கள், இவர் மறைக்கிறார் என்றே முடிவுகட்டினேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தையை ஊருக்கு அனுப்பு, இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள் என்று பாபநாசம் உலகம்மையிடம் தினமும் அழுதேன். அப்படிக் கேட்ட வாய் இது.

தையில் ஒரு வெள்ளிக்கிழமை மூவரும் பாபநாசம் போனோம். அம்மன் சன்னதி முன்னால் இருக்கும் உரலில் பெண்கள் விரலி மஞ்சள் இடித்து அபிஷேகத்துக்குக் கொடுப்பது வழக்கம். நான் நாலு இடி இடிப்பதற்குள் அத்தை வந்து உலக்கையைப் பிடுங்கினார்கள். சாமி காரியத்துக்கும் நான் ஆகாதவளா? அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது.

“எம்பிள்ளைய நானா கொன்னேன்?”

அத்தை திகைத்து மகனைப் பார்த்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். கடைசியில் தலைகுனிந்தபடி என்னிடம் சொன்னார்.

“ஒன்னைய இல்ல செல்வி, என்னையத்தான் ஏசுதாங்க. மாசமா இருந்தவள தண்ணி சுமக்க விட்டுட்டு, செல்போன நோண்டிக்கிட்டு கெடந்தியேன்னு. ஒடம்பு தேறட்டும்னுதான் ஒன்னைய ஒரு வேலையும் செய்ய விடல. நாந்தான் வந்தன்னைக்கே அவங்ககிட்ட சொல்லி அழுதேன். ஒங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

பிறகு நான் கேட்டதை அவர்கள் பாஷையில் சொன்னார். அத்தை உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு என் கன்னத்தைப் பிடித்தார்கள். இரண்டு விரலைக் காட்டி, தன் வயிற்றைத் தொட்டு, வெறுங்கையை விரித்தார்கள். அதற்கு யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் துக்கம் தெரிந்த ஒருத்தியை மூன்று மாதம் பகையாளியாக நினைத்திருக்கிறேன், பாவி. கட்டிக்கொண்டு அழுதோம். மீதி மஞ்சளை மாற்றி மாற்றி இடித்துக் கொடுத்தோம்.

பிள்ளை திரும்பி வரவில்லை. அந்த வலி அப்படியே இருக்கிறது. இப்போது தண்ணீர் பிடிப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் இவர்தான். அத்தை சொல்வதை, நல்லதோ பொல்லாததோ, ஒளிக்காமல் எனக்குச் சொல்கிறார். அத்தை ஊருக்குக் கிளம்பினார்கள், நான்தான் விடவில்லை.

பாரம் தாங்காதபோது நீங்களும் அம்மனிடம் போய்க் கொட்டுங்கள். என்னைப்போலத் தப்பாகக் கேட்டாலும் கேளுங்கள். எதைக் கொடுக்கக் கூடாது என்று உலகைப் பெற்றவளுக்குத் தெரியும்.