கையைக் கோத்தால் கத்தும் பெட்டி

எதிர் வீட்டு ஏழுமலை புரளி கிளப்புகிறார். அதுவும் கரன்ட் கம்பத்தில் ஏறியே ரிட்டயர் ஆன மனிதர்.

வேங்கிக்காலில் நான் குடியிருக்கும் வீட்டில் மாடித் தொட்டி வழிவது வாடிக்கை. மோட்டாரைப் போட்டுவிட்டுப் பத்திரிகைக்குப் பத்தி எழுத உட்கார்ந்தால் எனக்கு எதுவும் நினைவிருக்காது. தொட்டி நிரம்பியதும் கத்துகிற அலாரத்தை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். ஐம்பத்து மூன்று வயதில் எலெக்ட்ரானிக்ஸ். ஏன், கூடாதா?

தேரடி வீதி பார்ட்ஸ் கடைக்காரர், "பையனோட ஸ்கூல் பிராஜெக்டுங்களா?" என்றார்.

"எனக்குத்தான்."

ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டு டிரான்சிஸ்டரும் சில எல்.இ.டி. விளக்குகளும் ஒரு பஸரும் கொடுத்தார்.

முதல் எல்.இ.டி.யை நேராக பேட்டரியில் வைத்துக் கொன்றேன். டிரான்சிஸ்டரின் கால்களை மாற்றி சால்டரிங் செய்தேன் — மூன்று முறை. நான்காம் முறை இரண்டு ஒயர் முனைகளையும் டம்ளர் தண்ணீரில் விட்டேன். கீ... என்று கத்தியது. தனியாக நின்று கைதட்டினேன்.

மாடியில் மாட்டிய மறுநாள் தெரு வாட்ஸப் குரூப்பில் ஏழுமலை எழுதினார்: "தண்ணித் தொட்டில கரன்ட் ஒயர் வுட்டிருக்காங்க. ஆபத்து." உடனே ஹவுஸ் ஓனரிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கழற்ற வேண்டுமாம்.

தெரியாத பொருளுக்குப் பயப்படுவது தப்பில்லை. தொட்டுக்கூடப் பார்க்காமல் தெருவுக்கே பயத்தைப் பங்கு வைப்பதுதான் தப்பு.

பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

"பொம்மைக்குப் போடற மாதிரி சின்ன பேட்டரி சார். ஒயரைப் புடிங்க."

"வேணாம்மா. ஷாக் அடிச்சா?"

அவர் மனைவி அமுதா சிரித்தார். "கம்பத்துல ஏறுன ஆளு, இதுக்குப் போய் பயப்படறாரு. குடுங்க, நான் புடிக்கிறேன்."

அமுதா ஒரு ஒயரைப் பிடித்தார். வேறு வழியில்லாமல் ஏழுமலை இன்னொன்றைப் பிடித்தார். சத்தமில்லை.

"இப்ப ரெண்டு பேரும் கையைக் கோத்துக்குங்க."

கோத்தார்கள். கீ... உள்ளங்கை ஈரம் போதும் அதற்கு. ஷாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

"கல்யாணத்தன்னிக்குப் புடிச்ச கை" என்றார் அமுதா.

விட்டார்கள், பிடித்தார்கள், மறுபடி விட்டார்கள்... வீடு முழுக்க கீ, கீ. "ஜாஸ்தி புடிச்சா பேட்டரி தீந்துடும்" என்று நானே பிடுங்க வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது ஏழுமலை மெதுவாக, "எங்க தொட்டிக்கும் ஒண்ணு பண்ணிக் குடும்மா" என்றார்.

தருகிறேன். என் பெட்டியையும் திரும்ப மாடியில் மாட்டிவிட்டேன். ஆனால் குரூப்பில் அந்த "ஆபத்து" அப்படியே நிற்கிறது. ஓனர் அதைத்தான் நம்புகிறார். ஞாயிறும் வந்துகொண்டிருக்கிறது.

ஏழுமலை சார், இந்தப் பத்தியை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். வாசலில் மெதுவாகச் சொன்னது செல்லாது. தெருவே பார்க்கிற அதே குரூப்பில் பதில் சொல்லுங்கள் — அது ஆபத்தா, இல்லையா?