காத்து டெய்லரின் தாழ்ப்பாள்

அந்த டெய்லர் கடையில் துணி போட்டுப் பார்க்கும் அறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. வருகிறவர்கள் திட்டாத திட்டு இல்லை. "காத்து வரட்டும்" என்பது ஒன்றுதான் அவர் பதில். காத்து டெய்லர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக் குளியலறைக்கும் அதே கதி. விருந்தாளி வந்தால் அவர் மனைவிதான் வெளியே காவல் நிற்க வேண்டும். நல்ல கூத்து!

அப்பேர்ப்பட்ட மனுஷன் இப்போது வக்கீலம்மாவின் அறையில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். சிறுவயதில் அவர் பாடப் போன தேவாலயத்துப் பாதிரியார்மேல், சின்ன வயதில் தங்களிடம் தப்பாக நடந்துகொண்டார் என்று இரண்டு பேர் புகார் சொன்னதாகப் போன வாரம் செய்தி வந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "என்னையும் அந்த ஆள்தான்" என்று மனைவியிடம் முதல் முறையாகச் சொன்னார். அவள் அழுதாள், சாபமிட்டாள், கையோடு இங்கே இழுத்து வந்துவிட்டாள்.

"அவர் செத்துட்டாரேம்மா. செத்தவர்மேல எப்படி கேஸ் போடறது? நீங்க சிவில் கேஸுங்கறீங்க. சிவில்னா வரப்புச் சண்டை, பாகப்பிரிவினை, அதுதானே?"

"தண்டனை வாங்கித் தரணும்னாதான் அவர் உயிரோட இருக்கணும். இது வேற. அவரைப் பத்தித் தெரிஞ்சும் வேற ஊருக்கு மாத்தி மூடி மறைச்சாங்களே, அந்த நிர்வாகத்து மேல போடறோம். நஷ்டஈடு கேக்கலாம். உங்க பேர் வெளிய வராம பாத்துக்கச் சொல்லிக் கேக்கலாம். கோர்ட்டுக்கு வெளிய பேசியும் முடிக்கலாம். அப்போ வாயைத் திறக்கக் கூடாதுன்னு கையெழுத்து கேப்பாங்க, ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல."

டெய்லருக்குத் தலை கிறுகிறுத்தது. எதைப் பிடிப்பது, எதை விடுவது?

"எனக்குக் காசு வேண்டாம்மா. நான் பொய் சொல்லலன்னு அவங்க வாயால சொல்லணும்." சிறுவயதில் விஷயத்தைச் சொன்னபோது அவருடைய அம்மா 'பொய் சொல்றியா' என்று கன்னத்தில் அறைந்து, அதே பாதிரியாரிடம் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைத்திருந்தாள்.

"அதையும் கேக்கலாம். ஆனா வழக்கு பலமா நின்னாத்தான் இறங்கி வருவாங்க. இத்தனை வருஷம் ஏன் வரலன்னு கேப்பாங்க. அது உங்க வாழ்க்கையை எப்படிப் பாதிச்சுதுன்னு நாம சொல்லியாகணும்."

"பாதிப்பா? ஒண்ணுமில்லம்மா. கடை நடக்குது, பிள்ளைங்க நல்லா இருக்காங்க. கல்லு மாதிரி இருக்கேன்."

அட, மனுஷா! தையல் பிரிந்து தொங்கும் சட்டையைக் காட்டினால்கூட 'ஒண்ணுமில்ல, சரியாயிடும்' என்று சொல்லிப் பழகிய வாய். தன் வழக்குக்குத் தானே குழி தோண்டிக்கொண்டிருந்தது.

வக்கீலம்மா பெருமூச்சு விட்டாள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "சரிங்கய்யா, நடந்ததை முதல்லேருந்து சொல்லுங்க."

"அங்கி மாட்டற ரூம்ல... பாட்டு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம்... உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு..."

சொல்லிக்கொண்டே டெய்லர் எழுந்தார். தாழ்ப்பாளை இழுத்துக் கதவை அகலத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயா, அவங்களுக்குக் கேக்குமே?"

"காத்து வரட்டும்மா."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் இரண்டும் திறந்தே கிடந்தன. மனைவி அவரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். இதற்காக எத்தனை சண்டை, எத்தனை கேலி! அவள் வக்கீலம்மா பக்கம் திரும்பினாள்.

"வக்கீலம்மா, பாதிப்பு என்னன்னு கேட்டீங்கல்ல? எங்க வீட்ல ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் இல்ல. கல்யாணமான நாள்லேருந்து நாங்க கதவைச் சாத்திட்டுத் தூங்கினதே இல்ல. அதை எழுதிக்குங்க."

டெய்லர் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார்.

"அது காத்துக்காகத்தானே?"

வக்கீலம்மா பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"ஏய், சொல்லேன். காத்துக்காகத்தானே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே போய், காத்திருந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொன்னாள். பிறகு திறந்த கதவுக்கு முதுகைக் காட்டியபடி, வழக்கம்போலக் காவல் நின்றாள்.

"நீங்க சொல்லுங்க," என்றாள். "நான் இங்கதான் நிக்கறேன்."