ஏழாம் நோடும் தொண்ணூற்றொன்பது ரூபாயும்

1. பஸ் பாஸ் கணக்கு

வில்லியனூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மாதம் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு விபிஎஸ் விற்றோம். ஒரு பெரிய கம்ப்யூட்டரை சாஃப்ட்வேர் மூலம் பல சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒருவருக்கு வாடகைக்கு விடுவதுதான் விபிஎஸ். வாங்கியவருக்கு அது தன்னுடைய தனி சர்வர் போலத் தெரியும். அந்தப் பெரிய கம்ப்யூட்டரை நாங்கள் நோடு என்போம். எங்களுக்கு ஒன்பது நோடுகள் இருந்தன. எல்லாம் மும்பையில் ஒரு டேட்டா சென்டரில். நான் அவற்றில் ஒன்றைக்கூட நேரில் பார்த்தது கிடையாது.

வாடிக்கையாளர்களின் புகார்களைக் கவனிக்கும் வேலையில் நான் சேர்ந்த முதல் நாள் முதலாளி தனசேகர் அண்ணன் வெள்ளைப் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். அபிஷேகப்பாக்கத்தில் கரும்பு வைக்கும் குடும்பம் அவருடையது. தன் பங்கு நிலத்தில் பாதியை விற்றுத்தான் இந்தக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். ஒரு நோடில் 128 ஜிபி மெமரி. ஆளுக்கு 2 ஜிபி என்று சொல்லி விற்கிறோம். நியாயமாக அறுபத்து நான்கு பேருக்குத்தான் விற்க முடியும். நாங்கள் நூற்றைம்பது பேருக்கு விற்றோம்.

"பாஸ் வாங்குனவன்லாம் ஒரே நேரத்துல பஸ்ல ஏறமாட்டான் கலை. பாதிப் பேரு வாங்கிப் போட்டுட்டு மறந்துடுவான். அவன்தான் நமக்குச் சோறு போடுறான்" என்றார்.

டேட்டா சென்டரில் நோடுகளை வைக்கும் ரேக்கின் வாடகை, கரண்ட், ஐபி முகவரி, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் கேட்வேயின் கமிஷன் எல்லாம் போக ஒரு வாடிக்கையாளரிடம் மாதம் பன்னிரண்டு ரூபாய் நிற்கும். என் சம்பளத்தை வைத்துப் பார்த்தால், ஒருவரிடம் நான் அரை மணி நேரம் பேசினால் அவர் தரும் மூன்று மாத லாபம் போய்விடும். அதனால் எந்த டிக்கெட்டையும், அதாவது வாடிக்கையாளர் பதிவு செய்யும் எந்தப் புகாரையும், நான்கு நிமிடத்துக்குள் மூட வேண்டும் என்பது விதி. வாங்கிய மெமரியை முழுசாகப் பயன்படுத்துகிறவரை 'அப்யூஸ்', அதாவது துஷ்பிரயோகம், என்று பட்டியலில் சேர்த்து வெளியேற்றுவோம். அவர் செய்த தப்பு, காசு கொடுத்ததைக் கேட்டது மட்டும்தான். முதல் ஆறு மாதத்தில் அப்படி நாற்பது பேரையாவது நான் அனுப்பியிருப்பேன். அப்போது எனக்கு அது உறுத்தவில்லை.

2. பாகூரிலிருந்து ஒரு போன்

எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் எங்கெங்கோ இருந்தார்கள். உள்ளூர்க்காரர் ஒரே ஒருவர், பாகூர் மும்தாஜ் டீச்சர். கணவரின் மளிகைக்கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அரசு வேலைத் தேர்வுகளுக்குப் பயிற்சி நடத்தினார். அவரே எழுதிச் சேர்த்த பதினான்காயிரம் கேள்விகள், விடைகள், விளக்கங்கள், எல்லாம் எங்கள் ஏழாம் நோடில் இருந்தன. பிள்ளைகள் செல்போனிலேயே மாதிரித் தேர்வு எழுதுவார்கள்.

ஒருநாள் போன் செய்து, தன் கேள்விகள் பத்திரமாக இருக்குமா என்று கேட்டார். எனக்குக் கொடுத்திருந்த பதிலைப் படித்தேன். ரெய்டு இருக்கிறது, ஒரே தகவல் இரண்டு டிஸ்க்கில் இருக்கும், ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்றேன். பேக்கப் என்பது வேறு, வேறிடத்தில் தனியாக வைக்கும் பிரதி, அதை நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பதிலில் இல்லை. அது எங்கள் விதிமுறைப் பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில் இருந்தது. நான்கு நிமிடம் முடிவதற்குள் போனை வைத்தேன்.

3. சிவப்பு

நாலைந்து மாதம் கழித்து ஏழாம் நோடில் ஒரு டிஸ்க் செத்தது. என் திரையில் அந்த வரி சிவப்பானது. உடனே தனசேகர் அண்ணனிடம் சொன்னேன். டிஸ்க் மாற்ற டேட்டா சென்டர் ஆள் ஒவ்வொரு முறையும் தனியாகக் காசு வாங்குவான், வேறு நோடிலும் ஒன்று போகட்டும், சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

எங்கள் டிஸ்க்குகள் எல்லாமே ஏற்கெனவே எங்கோ ஓடித் தேய்ந்து, மொத்தமாக ஒரே லாட்டில் வாங்கியவை. ஒன்று போனால் அதன் ஜோடியும் கிட்டத்தட்ட அதே வயதில்தான் இருக்கும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள் ஒரு மெயில் எழுதினேன். நான்கே வரி. உங்கள் சர்வர் இருக்கும் நோடில் ஒரு டிஸ்க் பழுது, இன்றே உங்கள் தகவல்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று. நூற்றைம்பது பேருக்கும் அனுப்ப ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அழுத்துவதற்கு முன் அவரிடம் காட்டினேன்.

"இத அனுப்புனா நாளைக்கே அம்பது பேரு ரீஃபண்ட் கேப்பான். அப்பறம் டிஸ்க் வாங்க இன்னாத்த வச்சு வாங்குறது? டிராஃப்ட்ல போட்டு வையி" என்றார்.

டிராஃப்டில் போட்டு வைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் புது டிஸ்க் போட்டார்கள். மீதமிருந்த பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்குத் தகவல் நகல் ஆகத் தொடங்கியது. ஏற்கெனவே தேய்ந்த பழைய டிஸ்க்கை இப்படி ஒரேயடியாக ஓட விட்டால் என்ன ஆகும் என்ற பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பதினொன்றரைக்கு, நாற்பத்தொரு சதவீதத்தில் அதுவும் நின்றது. ஏழாம் நோடில் இருந்தது எல்லாம் போனது.

நூற்றைம்பது பேரில் அன்று டிக்கெட் போட்டவர்கள் இருபத்திரண்டு பேர். மற்றவர்களுக்குத் தெரியவே இல்லை. வாங்கிப் போட்டு மறந்தவர்கள். பஸ் பாஸ் கணக்கு அன்றும் சரியாகவே இருந்தது.

4. பென் டிரைவ்

மறுநாள் மும்தாஜ் டீச்சர் ரசீதில் இருந்த முகவரியைப் பார்த்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார். மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்குவதற்கு முன்பே கையிலிருந்த பென் டிரைவை என்னிடம் நீட்டினார். மிஷின் கெட்டுப்போனால் பரவாயில்லை, கேள்விகளை மட்டும் இதில் போட்டுக் கொடு என்றார். தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. தொண்ணூறு பிள்ளைகள்.

மிஷின் மும்பையில் இருக்கிறது, அதில் எதுவும் மிச்சமில்லை என்று சொன்னேன். அவர் பென் டிரைவைத் திரும்ப வாங்கவில்லை. அது என் கையிலேயே இருந்தது.

தனசேகர் அண்ணன் உள்ளே இருந்து வந்து மன்னிப்புக் கேட்டார். ஆறு மாதம் இலவசமாகத் தருவதாகச் சொன்னார்.

"காலி வூட்டுக்கு வாடகை வேணாம்னு சொல்றீங்களா?" என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இது திடீர்னு ஆனதா?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"திடீர்னுதான் மேடம்" என்றேன்.

அவர் நம்பினார். படியிறங்கும்போது, பாவம் நீ இன்னா பண்ணுவ என்று எனக்கே ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார்.

5. பாகூர்

ஞாயிற்றுக்கிழமை பாகூருக்கு பஸ் ஏறினேன். மளிகைக்கடைக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் தங்கள் நோட்டுகளில் எழுதி வைத்திருந்த கேள்விகளை டீச்சர் திரும்ப டைப் செய்துகொண்டிருந்தார். உட்காராமலேயே சொன்னேன். ஒரு டிஸ்க் செத்தது எங்களுக்குப் பத்தொன்பது நாள் முன்பே தெரியும் என்று. எழுதி வைத்த மெயிலைப் பற்றியும்.

அவர் சத்தம் போடவில்லை. "எனக்கு ஒரு நாளு போதுமேம்மா. அரை மணி நேரம் போதுமே" என்றார். பிறகு ஒரு கட்டு நோட்டுகளை என் முன்னால் தள்ளினார்.

சாயங்காலம் வரை டைப் செய்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் முடிந்தன. அவர் திரையில் புது சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு கம்பெனி, மாதம் எழுபத்தொன்பது ரூபாய். பேக்கப் உள்ளதாகப் பார்த்து வாங்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நூத்தம்பது ரூபா ஃபீஸ் வாங்குறேன், அதுவும் குடுக்க முடிஞ்ச புள்ளைங்ககிட்ட மட்டும்தான். இருநூறு ஆக்குனா பாதிப் புள்ளைங்க நின்னுடும். உங்க மொதலாளி போட்ட கணக்குதான் எனக்கும்" என்றார். கிளம்பும்போது, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் தேறினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியம் வரவில்லை.

6. கடைசியாக

அடுத்த வருடம் தனசேகர் அண்ணன் வாடிக்கையாளர் பட்டியலை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார். அலுவலகத்தை மூடிவிட்டதாக எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அவர் திருடர் இல்லை. பன்னிரண்டு ரூபாய்க்குள் ஒரு நல்ல டிஸ்க்கும், ஒரு பேக்கப்பும், உண்மை பேச நேரமும் அடங்காது என்று தெரிந்தே தொழில் செய்தவர். அவருடைய நிலமும் திரும்பி வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ரெய்டும் மானிட்டரிங்கும் எல்லோரும் சொல்லித் தருவார்கள். என்னிடம் சொல்ல இருப்பது ஒன்றுதான். சிவப்பு வந்தால் முதலில் வாடிக்கையாளருக்கு எழுதுங்கள், பிறகு முதலாளியிடம் சொல்லுங்கள். இப்போது இருக்கும் வேலையில் இரண்டு முறை அப்படிச் செய்து இரண்டு முறையும் மெமோ வாங்கினேன். வேலை போகவில்லை. அன்று அந்த மெயிலை அனுப்பியிருந்தாலும் போயிருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது.