ஒரு நூலும் வீணில்லை

வெள்ளவத்தை, காலி வீதி. துணியை வீணாக்காமல் உடை தயாரிப்பது பற்றி இன்னும் ஒரு மணி நேரத்தில் நான் மேடையில் பேச வேண்டும். கோவையிலிருந்து வந்த மூன்று நாளும் இடியப்பத்தையும் சொதியையும் விட்டுவைக்காததில், நானே வடிவமைத்த சட்டை அக்குளில் கிழிந்துவிட்டது. மேடைப் பேச்சு இருக்கிறது, அவசரம் என்று சொல்லிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு தையற்கடையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறேன்.

தையற்கார அக்கா சட்டையை உள்புறம் திருப்பி, தையலோரத்தை விரலால் தடவுகிறார்.

"பிரிச்சு விடுவம் எண்டால் உள்ளுக்குத் துணியே இல்லை. ஆர் தைச்சது?"

"நாங்கதான்க்கா. தையலுக்குள்ள விடுற துணியைக் குறைச்சா நிறைய மிச்சமாகும்."

"நாங்கள் ஒரு விரல் அகலம் விட்டுத்தான் தைப்பம். ஆள் பெருத்தால் சட்டையும் பெருக்கும். இப்ப உங்கட முழுச் சட்டையுமெல்லோ வீணாப் போச்சு?"

என் பேச்சின் முதல் பக்கமே இந்தச் சிக்கனத்தைப் பற்றிய பெருமைதான்.

அக்கா சட்டை முழுக்கத் தேடி, உள்ளே இருந்த உள்ளங்கையகல லேபலைப் பிரித்தெடுக்கிறார். சட்டையில் மிச்சமாய் இருக்கும் ஒரே துணி அதுதான். கிழிசலில் வைத்து மெஷினில் ஓட்டித் தருகிறார். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் கையைத் தூக்குகிறேன். 'ஒரு நூலும் வீணில்லை' என்ற எங்கள் நிறுவன வாசகம் அக்குளில் பச்சை எழுத்தில் பளிச்சென்று தெரிகிறது.

"நல்லாத்தான் இருக்கு தம்பி," என்கிறார் அக்கா. "மேடையில கதைக்கேக்க கையை மட்டும் தூக்காதேங்கோ."