பவழமல்லியில் ஒரு "கம்பி"

மின்சாரம் போனதும் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் கூலர்கள் ஒவ்வொன்றாக முனகி ஓய்ந்துவிட, ஈர வெட்டிவேரின் வாசம் மட்டும் ஜன்னலில் தங்கும். "பத்தி கயி! கரண்ட் போச்சு!" என்று பிளாக் முழுவதும் கூவிக்கொண்டே கைவிசிறிகளோடு புல்வெளிக்கு இறங்குவோம். அதுவரை கூலர் இரைச்சலில் அமுங்கிக்கிடந்த மரப்பூச்சிகளின் பாட்டு, எங்கள் பவழமல்லி மரத்திலிருந்து அப்போதுதான் பொங்கி வரும். கரண்ட் இல்லாத தில்லி இவ்வளவு பெரிதா என்று வாயடைத்துப் போவேன்.

தொண்ணூறுகளின் அந்த மழைக்காலத்தில் நானும் தம்பியும் பாடகர்களைக் குரலை வைத்தே பிரித்துப் பெயரும் வைத்திருந்தோம். விட்டுவிட்டுத் தட்டுபவன் "டைப்பிஸ்ட்", மூச்சுவிடாமல் ஓட்டுபவன் "தையல் மிஷின்", இருவருக்கும் மேலே மெல்லிசாக, கூராக இழுப்பவன் "கம்பி". எத்தனை வருஷம் தில்லியில் இருந்தும் திருநெல்வேலித் தமிழை விடாத அப்பா, முதல் இருவரையும் ஒப்புக்கொண்டார். மூன்றாமவனை மட்டும், "ஒண்ணும் கேக்கலியே, ரெண்டு பேரும் சேந்து கதை விடுதியளா?" என்று சிரித்தே தள்ளிவிட்டார். எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. கம்பியை அவர் கண்ணில் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த முறை கரண்ட் போனபோது டார்ச்சோடு கிளை கிளையாகத் தேடினோம். கிட்டே போனால் பாட்டை நிறுத்திவிடுவான். நாங்களும் அசையாமல் நிற்போம். கடைசியில் ஓர் இலையடியில் அகப்பட்டான். விரல் நகத்தளவுப் பச்சை உடம்பு, அதைவிட நீளமான மீசை. சிறகுகளைச் சற்றே தூக்கி உரச ஆரம்பித்ததும், இத்தனூண்டு உடம்பா மரம் முழுவதையும் நிறைக்கிறது என்று எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்பா குனிந்து, காதருகே கையைக் குவித்தார். "றெக்க ஆடுது, ஏட்டி... சத்தம் எங்க?"

"கேக்கலியாப்பா? எவ்ளோ ஜோரா பாடுறான்!"

அவர் தனக்குக் கேட்காத பாட்டைக் கரண்ட் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

இன்று மயூர் விஹாரில் எங்களுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. அந்தத் திடீர் நிசப்தம் போயே போய்விட்டது. போன மழைக்காலத்தில் ஏசியை நானே அணைத்துவிட்டு, அந்த மூவரின் கதையைக் கேட்டே வளர்ந்த மகளோடு பால்கனியில் நின்றேன். கீழே வேப்பமரத்தில் டைப்பிஸ்ட் தட்டினான், தையல் மிஷின் ஓடியது. "கம்பியைத்தான் காணோம், தில்லியை விட்டே போயிட்டான் போல" என்றேன், நிஜமான வருத்தத்தோடு.

மகள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அரே, கேக்கலியாம்மா? அவன்தானே எல்லாரையும்விட ஜோரா பாடுறான்!"

என் கை தானாகக் காதருகே குவிந்தது.